டீச்சரின் டப்பாவும் ஐஸ் செய்த பெட்டியும்

என் மனைவியின் தம்பிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் அச்சானதோடு அதன் வேலை முடிந்தது. பிரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் செய்கிறவன் என்பதால் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவன் ‘ஐஸ்’தான். யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத மனிதனுக்கு அந்தப் பெயர் போய் அமைந்தது. எனக்குக் கல்யாணமான புதிதில், அரைக்கால் சட்டையோடு என் சைக்கிள் செயினைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றவன். அதனால் ‘அவன்’ என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. மரியாதை இருப்பதால்தான் எழுதவே உட்கார்ந்தேன். இதில் பெரும்பகுதி நான் கண்ணால் பார்த்தது. காதால் கேட்டதை மட்டும் யார் சொன்னது என்று அங்கங்கே குறித்திருக்கிறேன்.

சந்தைக்குப் பின்னால், வண்டி திரும்ப இடமில்லாத சந்தில் அவன் கடை. கதவு கழற்றிய பிரிட்ஜ்கள் சுவரோரமாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பல் டாக்டரிடம் வந்து காத்திருப்பவர்கள் மாதிரி இருக்கும். எந்த பிரிட்ஜ் வந்தாலும் அவன் முதலில் பின்பக்கம் போகமாட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு தாள் துண்டை எடுப்பான். பழைய பில்களை நீளவாக்கில் கிழித்து எப்போதும் வைத்திருப்பான். தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிட்டு மெதுவாக இழுப்பான். பிடித்துக்கொண்டால் கதவு ரப்பர் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் குளிர் அந்த வழியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாலு பக்கமும் மூலைகளும் பார்த்து முடித்த பிறகுதான் கொண்டுவந்தவரிடம் வாய் திறப்பான்.

ரொட்டிக்கடைக்காரர் ஒருவர், கம்ப்ரஸரையே மாற்றிவிடுவது என்ற முடிவோடு ஒரு நாள் வந்தார். நான் அப்போது கடையில் இருந்தேன். கீழ்மூலையில் வைத்த தாள் இழுப்பதற்கு முன்பே தானாகக் கீழே விழுந்தது. ஐஸ் அந்த ரப்பரைக் கழற்றி, வெந்நீரில் போட்டு எடுத்து, நிமிர்த்தி மறுபடி பொருத்தினான்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அப்ப கம்ப்ரஸர்?”

“அது நல்லாத்தான் இருக்கு, பாவம். இத்தன நாளா ஓட்டக் குடத்துல தண்ணி ஊத்திக்கிட்டு இருந்துச்சு.”

அவர் போன பிறகு என்னிடம் சொன்னான்: “குளிர்னு தனியா ஒண்ணும் கிடையாது அத்தான். வெளிய இருக்கிற சூட்ட உள்ள விடாம பாத்துக்கிட்டா அதுக்குப் பேருதான் குளிர்.” அவன் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் நின்றது. பின்னால் அவனைக் கவிழ்த்ததும் அதே வாக்கியம்தான்.

அவன் மனைவி, காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியில் ஆசிரியை. என் மனைவி உட்பட நாங்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அங்கே பாடம் முழுக்கக் கையில்தான் நடக்கிறது. புத்தகத்தில் கை அசையாது என்பது டீச்சரின் குறை. அதனால் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே ஒரு கேமராவை முக்காலியில் நிறுத்தி, குழந்தைகள் கைகளால் கதை சொல்வதைப் படம் எடுத்து வந்தார். ஒரு குழந்தை மழையை எப்படிக் காட்டுகிறது, கோபத்தை எப்படிக் காட்டுகிறது, தெரியாத சொல்லுக்குத் தானே எப்படி ஒரு சைகை கண்டுபிடிக்கிறது, எல்லாம் அதில் இருந்தது. புதிதாக வரும் ஆசிரியைகளுக்கும், தங்கள் குழந்தையோடு பேசக் கற்றுக்கொள்ளும் பெற்றோருக்கும் இவற்றைப் போட்டுக் காட்டுவார். உள்ளங்கை அகல ஹார்டு டிஸ்க்குகளில் இவ்வளவையும் சேர்த்து, ஒரு தகர பிஸ்கட் டப்பாவில் துணி சுற்றி வைத்திருந்தார்.

அதில் ஒன்றை, முதல் வருடங்களின் வகுப்புகள் இருந்ததை, பெரிய திரையில் பார்க்கலாமே என்று ஐஸ் எடுத்து டிவிக்குப் பின்னால் மாட்டினான். டிவி அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு உண்டு. தூசி போகாமல் இருக்கக் கதவைச் சாத்தினான். அப்படியே ஓடவிட்டு, நாங்கள் எல்லோருமாக வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்குப் போனோம். திரும்பி வந்தபோது டிஸ்க் ‘டக், டக்’ என்று அடித்துக்கொண்டிருந்ததாக ஐஸ் சொன்னான். பிறகு அதுவும் நின்றது. செத்த டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்டுத் தருகிற ஓர் இடத்துக்கும் கொண்டுபோனான். அவர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

“பழைய டிஸ்க்கு. ஆயுசு முடிஞ்சிருக்கும்” என்று வீட்டில் சொன்னான்.

டீச்சர் மிச்சமிருந்த டிஸ்க்குகளை டப்பாவில் அடுக்கி, டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் அந்தப் பக்கம் போனதும், அவர் பேசாததையும் சேர்த்து என் மனைவி, ஊகத்திலேயே, பேசினாள்.

“ஊருக்கெல்லாம் குளிர வைக்கிறவன், சொந்த வீட்ல டிஸ்க்க வேக வெச்சிருக்கான். தொட்டுக்க ஏதாவது வேணுமாடா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். செத்துப்போன டிஸ்க்கை அவன் எறியவில்லை. கடை மேஜையில் தாள் துண்டுகள் பறக்காமலிருக்க அதைத்தான் மேலே வைத்திருந்தான். தாள் எடுக்கும்போதெல்லாம் அதைத் தூக்கி எடுக்க வேண்டும். வேறு எடைக்கல் கிடைக்காமலா இருக்கும்? நான் கேட்டதில்லை.

நிலைமை இதுதான். டப்பாவில் இருந்தவையும் வருடக்கணக்கான டிஸ்க்குகள். பத்திரமான ஓர் இடத்துக்கு மாற்றாவிட்டால் ஒவ்வொன்றாகப் போகும். இது டீச்சருக்கும் தெரியும். ஆனால் மாற்றுவதாக இருந்தால் ஐஸிடம் கொடுக்க வேண்டும். அவர் கொடுக்கப் போவதாகத் தெரியவில்லை. அவனும் கேட்கப் போவதாகத் தெரியவில்லை.

கேட்பதற்குப் பதிலாக அவன் செய்ததுதான் இந்தக் கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, வீட்டிலேயே ஒரு சர்வர் கட்டப் போவதாகச் சொன்னான்.

“சர்வரா? ஹோட்டல்ல வந்து என்ன சாப்பிடறீங்கன்னு கேப்பாரே, அவரா?” என்றாள் என் மனைவி.

“அவரு இல்லக்கா. இது ஒரு கம்ப்யூட்டர். திரை, கீபோர்டு ஒண்ணும் இருக்காது. நாலு பெரிய டிஸ்க்க வெச்சுக்கிட்டு சும்மா ஓடிக்கிட்டே இருக்கும். வீட்ல யாரு எந்தப் படத்த கேட்டாலும் எடுத்துக் குடுக்கும்.”

“அப்ப அவரேதான்.”

அவன் சிரித்தான். “இதுல ஒரு விசேஷம் இருக்கு. எதப் போட்டாலும் நாலு டிஸ்க்குலயும் பிரிச்சு வெச்சுக்கும். ஒண்ணு செத்துப் போனாலும் மத்த மூணும் சேந்து, போனதுல என்ன இருந்துச்சுன்னு கணக்குப் போட்டு எடுத்துரும். நாலு பேரு ஒண்ணா தூக்கிட்டுப் போற மாதிரி. ஒருத்தன் கைய விட்டாலும் கீழ விழாது.”

“நாலு பேரு தூக்கறதப் பத்தி என் வீட்ல பேசாத. உன் அத்தானுக்கு வயசாச்சு.”

கம்ப்யூட்டர் கடைக்காரர் அவனுக்கு நெடுநாள் பழக்கம். அவர் கடை ஏசியை ஐஸ்தான் பார்த்துக்கொள்கிறான். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கம்ப்யூட்டரின் மதர்போர்டு அவரிடமிருந்து கிடைத்தது. டிஸ்க்குகளைப் புதிதாக வாங்கினான். பெட்டியையும் வாங்கிக்கொள்ளச் சொன்னார் அவர்.

“டிஸ்க்குக்குன்னே செஞ்ச பெட்டி வருதுண்ணே.”

“பெட்டியோட மல்லாடறதுதான் என் தொழிலே. அத நான் பாத்துக்கறேன்.”

தொழில்காரனின் பிழை எப்போதும் தொழிலில் இருந்துதான் வரும். ஒரு சின்ன பிரிட்ஜின் தகட்டை வெட்டி மடக்கி, அழகான ஒரு பெட்டி செய்தான். வெளிச்சூடு தாக்காமல் இருக்க உட்புறம் முழுக்க பிரிட்ஜ் பஞ்சு ஒட்டினான். முன்னால் ரப்பர் வைத்த கதவு. பின்னால் கேபிள் நுழையும் ஓட்டையையும் பட்டி மாவு வைத்து அடைத்தான். உள்ளே நாலு டிஸ்க்குகளையும் ரொட்டித் துண்டுகள் மாதிரி நெருக்கி அடுக்கி, எதிரில் ஒரு ஃபேன் பொருத்தினான். கதவிடுக்கில் தாள் வைத்து இழுத்துக் காட்டினான். தாள் கிழிந்ததே தவிர வரவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அவன் வீட்டு மாடி அறையில், மேற்கு வெயில் படாத சுவரோரமாகப் பெட்டியை வைத்து, பழைய சினிமாக்களை அதில் ஏற்றத் தொடங்கினோம். டிஸ்க்குகளின் சூடு அவன் போனில் தெரியும். என்னை வாசிக்கச் சொன்னான். முதலில் முப்பத்தெட்டு டிகிரி. ஒரு படம் ஏறி முடிவதற்குள் நாற்பத்தாறு. அடுத்த படத்தில் ஐம்பத்து மூன்று. நாற்பது, நாற்பத்தைந்துக்குள் இருந்தால் நல்லது, ஐம்பதைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். ஐம்பத்தெட்டு என்று நான் வாசித்தபோது ஐஸ் எழுந்து ஜன்னலைத் திறந்தான். பெட்டிக்குள்தான் காற்றே போக வழியில்லையே. ஜன்னலைத் திறந்து என்ன பயன்?

டீச்சர் டீ கொண்டு வந்தார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெளித்தகடு ஜில்லென்று இருந்தது. என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார்.

“வெளிய ஜில்லுனு இருக்கு, உள்ள ஐம்பத்தெட்டா? ரொட்டி எப்ப எடுப்பீங்க?” என்று கேட்டுவிட்டு, டீயை வைத்துவிட்டுப் போனார்.

ஐஸ் பெட்டியை நிறுத்தினான். கதவைத் திறந்தான். உள்ளிருந்து அடுப்பைத் திறந்த மாதிரி அனல் வந்தது. அதன் எதிரில் வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தான்.

“திருடன் வெளியிலேருந்து வருவான்னு வீட்டப் பூட்டிட்டேன் அத்தான்” என்றான் கடைசியில். “இவன் உள்ளயே பொறந்தவன்.”

அவனிடம் நான் வியக்கும் குணம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பெட்டி அழகான பெட்டி. மடக்கிய தகட்டில் ஒரு பிசிறு கிடையாது. வேறு யாராக இருந்தாலும், இதை வைத்துக்கொண்டே எப்படியாவது சரிக்கட்டப் பார்ப்பார்கள். அவன் அன்று சாயங்காலத்துக்குள் பஞ்சு முழுவதையும் சுரண்டி எடுத்தான். முன்பக்கம் சல்லடை மாதிரி துளைகள் போட்டான். பின்பக்கம் வட்டமாக வெட்டி, ஃபேனை அங்கே திருப்பி மாட்டினான். இப்போது அது முன்னாலிருந்து காற்றை இழுத்துப் பின்னால் தள்ளும். செய்த கையே தயங்காமல் வெட்டியது.

இரண்டு ஓர டிஸ்க்குகளும் நாற்பத்திரண்டுக்கு இறங்கின. நடுவில் இருந்த இரண்டும் ஐம்பத்து இரண்டிலேயே நின்றன. பெரிய ஃபேன் வாங்கி மாட்டினான். இரைச்சல் வீடு முழுக்கக் கேட்டதே தவிர, நடு டிஸ்க்குகள் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் அசைந்து கொடுக்கவில்லை. என் மனைவி கீழிருந்து குரல் கொடுத்தாள்.

“டேய், ஏரோப்ளேன் எப்ப கிளம்புது? எனக்கு ஒரு ஜன்னல் சீட்டு.”

அடுத்த வாரம் முழுவதும் அவன் கடையில் கையை வேலை செய்யவிட்டுவிட்டு மனத்தை எங்கேயோ வைத்திருந்தான் என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்னார். பிறகு ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். மாடி அறையில் பெட்டியின் எதிரே உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து தாள் துண்டுகளை எடுத்தான். ஒவ்வொரு இடுக்கின் வாயிலும் ஒரு துண்டைத் தொங்கவிட்டான். டிஸ்க்குகளுக்கு மேலே ஓர் இடைவெளி இருந்தது. பக்கவாட்டில், கேபிள் போகிற இடத்தில் இன்னொன்று. அந்த இரண்டு இடங்களிலும் தாள் உள்பக்கமாக இழுபட்டு விறைத்து நின்றது. நடு டிஸ்க்குகளுக்கிடையே தொங்கவிட்ட தாள் மட்டும் ஈரத்துணி மாதிரி அசையாமல் தொங்கிற்று.

“பாத்தீங்களா?” என்றான். “காத்து சரியான சோம்பேறி. நோகாத வழி ஒண்ணு இருந்தா நோகற வழியில வரவே வராது. பெரிய ஃபேன் மாட்டினா அந்த நோகாத வழியிலயே வேகமா போகுது. அவ்வளவுதான்.”

பெட்டியைப் பிரித்து, டிஸ்க்குகளை ஒரு விரல் நுழையும்படி தள்ளித் தள்ளிப் பொருத்தினான். பிறகு கடையிலிருந்து கொண்டு வந்திருந்த பிரிட்ஜ் கதவு ரப்பரை எடுத்தான். மேல் இடைவெளியை அடைத்தான். கேபிள் வழியை அடைத்தான். ஃபேனைச் சுற்றியிருந்த மயிரிழை இடுக்கைக்கூட விடவில்லை. காற்றுக்கு டிஸ்க்குகளுக்கு நடுவே போவதைத் தவிர வேறு வழியே இல்லாமல் செய்தான். முதல் பெட்டியில் அவனைத் தோற்கடித்த அதே அடைக்கும் கை, இடம் தெரிந்து அடைத்தபோது வேலையை முடித்தது.

தாள் துண்டுகள் எல்லாம் ஒரே மாதிரி உள்பக்கம் சாய்ந்தன. போனில் நடு டிஸ்க்குகளின் எண் இறங்கத் தொடங்கியது. ஐம்பது. நாற்பத்தைந்து. நாற்பத்தொன்றில் வந்து நின்றது. அன்று அறையே முப்பத்து நாலு டிகிரி. அவன் பெரிய ஃபேனைக் கழற்றிவிட்டு, மெதுவாகச் சுற்றுகிற பழையதையே திரும்ப மாட்டினான். அப்போதும் நாற்பத்திரண்டைத் தாண்டவில்லை. சத்தமும் இல்லை.

கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, சூடு ஐம்பதைத் தொட்டால் எழுதிக்கொண்டிருப்பதை ஒழுங்காக முடித்து வைத்துவிட்டுப் பெட்டி தானாகவே அணைந்துகொள்ளும்படி செய்து கொடுத்தார். எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு டிஸ்க்கைப் பொருத்தி, பெட்டியில் இருப்பதன் இன்னொரு பிரதி இன்டர்நெட் வழியாகத் தினமும் அங்கே வந்து சேரும்படியும் செய்தார்கள். அது டீச்சர் கேட்ட கேள்வியால் வந்தது. “நாலுல ஒண்ணு போனா சரி. வீட்டுக்கே ஏதாவது ஆச்சுன்னா?” என்று அவர் ஒருமுறை கேட்டிருந்தார். கேட்டது சாதாரணமாக, ஆனால் கேட்டார். அதுவே ஐஸுக்குப் போதுமானதாக இருந்தது.

பெட்டியின் முன்பக்கம், டிஸ்க்குகளுக்கிடையே ஒரு தாள் துண்டைக் கோந்து வைத்து நிரந்தரமாக ஒட்டி வைத்தான்.

“இது எதுக்கு?” என்றேன்.

“அவளுக்கு போன்ல நம்பர் பாக்கறதெல்லாம் பிடிக்காது அத்தான். இந்தப் பக்கம் போகும்போது தாள் உள்ள சாஞ்சிருக்கான்னு ஒரு பார்வ பாத்தா போதும்ல.”

டீச்சர் அந்தப் பக்கம் போகும்போது பார்த்தார். நான் கவனித்திருக்கிறேன். ஆனால் பீரோ திறக்கவில்லை. வெயில் காலம் முழுவதும் பெட்டி ஓடியது. குடும்பப் புகைப்படங்கள், பாட்டுகள், என் மனைவிக்குப் பிடித்த அழுகைப் படங்கள் எல்லாம் அதில் ஏறின. டப்பா மட்டும் பீரோவிலேயே இருந்தது. ஐஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் நானே, “டீச்சர்கிட்ட கேட்டுப் பாரேன்” என்றேன்.

“கேட்டா குடுத்துருவா அத்தான்” என்றான். “அதான் கேக்கல.”

வெயில் காலம் முடியும் சமயத்தில் மறுபடியும் ஒரு வெளியூர்க் கல்யாணம் வந்தது. நாலு பேரும் ஒரே வண்டியில் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு, மூன்றாம் நாள் மத்தியானம் அவர்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினோம். டீ குடித்துவிட்டுப் போகலாமே என்று டீச்சர் சொன்னதால் நாங்களும் உள்ளே போனோம். ஐஸ் பையைக்கூடக் கீழே வைக்காமல் மாடி ஏறினான். பிறகு சத்தமே இல்லை. நாங்கள் மூவரும் மேலே போனோம்.

பெட்டி இருட்டாக இருந்தது. ஒரு விளக்குகூட எரியவில்லை. ஃபேன் நின்றிருந்தது. போனை அவன் கல்யாண வீட்டிலேயே சார்ஜ் தீரவிட்டிருந்தான். எச்சரிக்கை ஏதாவது வந்திருந்தாலும் யாரும் பார்த்திருக்க முடியாது.

என் மனைவி வழக்கம்போல ஆரம்பித்தாள். “இனிமே இந்த வீட்டு ஆளுங்க கல்யாணத்துக்கே...” டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவள் பாதியில் நிறுத்தி நான் பார்த்தது குறைவு.

ஐஸ் முழங்காலிட்டு உட்கார்ந்து பின்பக்கத்தைக் கழற்றினான். ஃபேனின் இறக்கைகளுக்கிடையே மடங்கிச் சிக்கியிருந்ததை இரண்டு விரலால் இழுத்து எடுத்தான். ஒரு தாள் துண்டு. முன்னால் அவன் ஒட்டி வைத்த அதே துண்டு.

அதை ஒரு கையில் வைத்துக்கொண்டே ஃபேனை விரலால் சுற்றிவிட்டுப் பார்த்து, பெட்டியை மறுபடி ஓடவிட்டான். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. என் போனை வாங்கி, அதிலிருந்து பெட்டிக்குள் நுழைந்து பார்த்தான். நாலு டிஸ்க்கும் நலம். போட்டது எல்லாம் போட்ட இடத்தில் இருந்தது. ஃபேன் நின்றதும் சூடு ஏறியிருக்கிறது. ஐம்பதைத் தொட்டதும் பெட்டி தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு அணைந்திருக்கிறது.

“உள்ள இருந்ததெல்லாம்?” என்றார் டீச்சர்.

“எல்லாம் இருக்கு.”

“பின்ன ஏன் நின்னுச்சு?”

கடையிலிருந்து வந்த ஃபேன் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பும்படியாகத்தான் இருந்திருக்கும். அவன் தாளை நீட்டினான்.

“இதாலதான். நான் ஒட்டினது. கோந்து காஞ்சு உரிஞ்சு, காத்தோட போய் ஃபேன்ல மாட்டிக்கிச்சு. தப்பு என்னுது.”

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தான்.

“அன்னைக்கும் என்னுதுதான். டிஸ்க்கு பழசுன்னு சொன்னேன். பழசெல்லாம் இல்ல. கண்ணாடிக் கதவ சாத்திட்டுப் போனேன். அதான்.”

“தெரியும்” என்றார் டீச்சர்.

“தெரியுமா?”

“ஊர்லேருந்து வந்து அந்தக் கதவத் திறந்தது யாரு? நான்தானே. டிஸ்க்க எடுக்கப் போனேன், கை சுட்டுச்சு. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

கீழே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. தகர டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்து, அவன் எதிரே தரையில் வைத்தார்.

“ஒண்ணு ஒண்ணா போடுங்க. அவசரம் வேண்டாம். முதல்ல அந்தத் தாள் ஒட்டறத விடுங்க.”

“சரி.”

“நூல் கட்டுங்க. முடிச்சுப் போட்டு.”

தையல் பெட்டியிலிருந்து அவரே சிவப்பு நூல் எடுத்துக் கொடுத்தார். அது இன்றும் அங்கே இருக்கிறது. ஃபேனை எட்டாத நீளத்தில், முடிச்சுப் போட்டு, உள்பக்கம் சாய்ந்தபடி.

டப்பாவிலிருந்த டிஸ்க்குகளை மாற்ற ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. பழைய டிஸ்க்கைப் படிக்கும்போது அதுவும் சூடாகும். அதனால் ஐஸ் ஒவ்வொன்றையும் ஓர் அலுமினியத் தகட்டின் மேல், கீழே காற்றுப் போக இரண்டு நாணயம் முட்டுக்கொடுத்து வைத்து, பக்கத்தில் மேஜை ஃபேனை ஓடவிட்டான். கொஞ்சநேரம் படித்ததும் நிறுத்துவான். ஆறவிட்டு மறுபடி தொடங்குவான். ஒரு டிஸ்க் மட்டும் முக்கி முனகி நின்று நின்று வந்தது. அதன் பக்கத்திலேயே, காய்ச்சல்காரக் குழந்தையின் பக்கத்தில் உட்காருவது போல, கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தான். அதுவும் முழுதாக வந்து சேர்ந்தது. முதல் வருடங்களின் வகுப்புகள் போனது போனதுதான். அதற்கு எந்தப் பெட்டியும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குச் சமாதானம் சொல்லி இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

சில மாதம் கழித்து, டீச்சரிடம் படித்த ஒரு பெண் வந்திருந்தாள். இப்போது அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். இடுப்பில் ஒரு குழந்தை. டிவியில் டீச்சர் அவளுடைய பழைய படத்தைப் போட்டார். முன்பல் இல்லாத சின்னப் பெண் ஒருத்தி, தன் பல் விழுந்த கதையைக் கைகளால் சொல்கிறாள். பல் ஆடியது, தம்பி தள்ளிவிட்டது, ரத்தம், அழுகை, பிறகு தம்பியைத் தேடிப் போய்த் திருப்பி ஒன்று போட்டது. சைகை தெரியாத எனக்கே அடி விழுந்த இடம் வரை புரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே டீச்சரைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

“என்ன சொல்லுது?” என்றாள் என் மனைவி.

“அப்பவே நான் இவ்வளவு பேசுவேனான்னு கேக்கறா அண்ணி.”

“அதுக்கு நீ என்ன சொன்ன?”

“இப்பதான் கொறஞ்சிருக்குன்னு சொன்னேன்.”

ஐஸ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாசற்படியருகே நின்றான். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டான். மேலே ஒருதரம் போய் நூலைப் பார்த்துவிட்டு வந்தான். போனிலேயே தெரியும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன?

அந்தத் தகர டப்பாவில் இப்போது பிஸ்கட் இருக்கிறது. நான் போனால் டீச்சர் அதிலிருந்துதான் எடுத்துத் தருகிறார். மூடி கொஞ்சம் தளர்ந்துவிட்டது போலிருக்கிறது. போன வாரம் நான் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தபோது, ஐஸ் மூடியை வாங்கி, விளிம்பில் ஒரு தாள் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தான்.

“நமுத்துப் போகும்” என்று சொல்லிவிட்டு, ரப்பர் எடுக்கக் கடைக்குப் போனான்.